வெண்டைக் குடும்பத்து ஊர் மரம்: லிண்டனும் அதன் பூத் தேநீரும்

ஜெர்மனியில் எந்த மருந்துக்கடைக்குப் போனாலும் தேயிலை அலமாரியில் ‘லிண்டன்ப்ளூட்டன்டே’ என்று ஒரு பொட்டலம் இருக்கும். சளி, இருமல், உடம்பு வலி என்றால் இந்த ஊர் வீடுகளில் முதலில் கொதிக்கும் தண்ணீரில் விழுவது அதுதான். நம் வீட்டில் சுக்கும் கொத்தமல்லியும் வகிக்கும் இடம் அதற்கு. ஆங்கிலத்தில் தேடினால் ‘லைம் ஃப்ளவர் டீ’ என்று வரும். அதைப் பார்த்துவிட்டு எலுமிச்சைப் பூத் தேநீர் என்று தமிழில் எழுதுகிறவர்கள் உண்டு. எலுமிச்சைக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பழைய ஆங்கிலத்தில் ‘லிண்ட்’ என்றிருந்த சொல் ‘லைன்’ ஆகி, பிறகு ‘லைம்’ ஆகத் தேய்ந்தது. அவ்வளவுதான். மரத்தின் பெயர் லிண்டன், தாவரவியலில் டிலியா.

உறவு வேண்டுமென்றால் வெண்டைக்காயிடம் போகவேண்டும். டிலியா இப்போது மால்வேசி குடும்பத்தில் வைக்கப்படுகிறது. வெண்டை, செம்பருத்தி, பருத்தி, பூவரசு, இலவம், புளிச்சக்கீரை, சணல் எல்லாம் அந்தக் குடும்பம்தான். இது ஏட்டுக்கணக்கு மட்டுமல்ல. வெண்டைக்காயின் வழவழப்பு லிண்டன் பூவிலும் இருக்கிறது. தொண்டைக்கு இதமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். சணலின் நார் லிண்டன் பட்டையிலும் இருக்கிறது. இலவ மரத்தின் மென்மை லிண்டன் மரத்திலும் இருக்கிறது. இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால், ஐரோப்பியக் கிராமங்கள் இந்த மரத்தை ஊர் நடுவில் நட்டு, அதன் கிளையை வளைத்து, பட்டையை உரித்து, பூவைக் குடித்த கதை முழுதும் புரிந்துவிடும்.

இலை இதய வடிவம். பூவரசிலையை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஓரம் பல் பல்லாக இருக்கும், காம்பு சேரும் இடத்தில் ஒரு பக்கம் மற்றதைவிடச் சற்று இறங்கியிருக்கும். இந்தக் கோணல் இருந்தால் லிண்டன் என்று ஏறக்குறைய முடிவு கட்டிவிடலாம். அடிமரத்தில் கறுப்பும் சிவப்புமாகச் சின்னப் பூச்சிகள் கூட்டமாக அப்பிக்கொண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம். பருத்திக் காயிலும் வெண்டையிலும் மொய்க்கும் சிவப்பு நாவாய்ப்பூச்சியின் ஒன்றுவிட்ட சகோதரர்கள் அவை. உதிர்ந்த லிண்டன் விதையின் சாற்றை உறிஞ்ச வருகின்றன. மரத்துக்கு ஒன்றும் செய்யாது; மருந்தடிக்க வேண்டாம்.

ஜெர்மனியின் சொந்த இனங்கள் இரண்டு. ஸோமர்லிண்டே, அதாவது கோடை லிண்டன், இலை பெரிது. அடியில் நரம்புகள் பிரியும் மூலைகளில் வெள்ளை முடிக்கற்றை இருக்கும். விண்டர்லிண்டே, குளிர்கால லிண்டன், இலை சிறிது. அதே மூலைகளில் துருவின் நிறத்தில் முடி. காயை விரலிடுக்கில் வைத்து நசுக்குங்கள்: நசுங்கினால் விண்டர், கல்லுப்போல் நின்று விலா எலும்புபோல வரி தெரிந்தால் ஸோமர். ஒரு கொத்தில் ஸோமருக்குப் பெரும்பாலும் 2 முதல் 5 பூ. விண்டருக்கு அதைவிட அதிகம். ஸோமர் ஜூன் நடுவில் பூக்கும். விண்டர் ஏறக்குறைய இரண்டு வாரம் பிந்தும். இரண்டும் கலந்த கலப்பினமும் தெருவோரங்களில் நிறைய உண்டு. பெர்லினின் ‘உண்டர் டென் லிண்டன்’ சாலைக்குப் பெயரே ‘லிண்டன்களின் அடியில்’ என்பதுதான். 1647இல் பிராண்டன்பர்க் ஆட்சியாளர் ஃபிரெட்ரிஷ் வில்ஹெல்ம் நடவைத்த வரிசை அதற்குத் தொடக்கம். தாவரங்களுக்கு இரட்டைப் பெயர் வைத்த லின்னேயஸின் குடும்பப் பெயரும் ஸ்வீடனில் அவர்கள் பூர்வீக நிலத்தில் நின்ற ஒரு லிண்டனிலிருந்து வந்தது.

மூன்றாவது ஒன்று இருக்கிறது, அதைக் கவனமாகப் பார்க்கவேண்டும்: ஸில்பர்லிண்டே. தென்கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்தது. இலையின் அடிப்பக்கம் முழுக்க வெள்ளைக் கம்பளி போர்த்தியதுபோல் இருக்கும். அழகான மரம், வறட்சியைத் தாங்கும், நகரங்களில் இப்போது அதிகம் நடுகிறார்கள். ஆனால் தேநீருக்கு ஆகாது. ஏன் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

*

ஊர் மரத்துக்கு ஜெர்மனில் ‘டோர்ஃப்லிண்டே’ என்று பெயர். தேவாலயத்துக்கு முன், கிணற்றருகில், சாலைகள் கூடுமிடத்தில் நிற்கும். சுற்றிலும் பெஞ்சு இருக்கும். நம் ஆலமரத்தடி, அரசமரத்து மேடை என்றால் எதெல்லாம் நினைவுக்கு வருமோ, அதெல்லாம் இங்கே நடந்தது. வழக்கு தீர்ப்பார்கள்; பழைய ஆவணங்களில் ‘சுப் டிலியா’, அதாவது ‘லிண்டனின் அடியில்’, என்று எழுதித் தீர்ப்புச் சொன்ன இடத்தைக் குறித்திருக்கிறார்கள். 1871இல் பிரான்ஸுடனான போர் முடிந்ததும் ஊர் ஊராக அமைதி லிண்டன் நட்டார்கள். அவற்றில் பல இன்னும் நிற்கின்றன.

ஏன் லிண்டன்? ஓக் இன்னும் கம்பீரமானது, பீச் இன்னும் அடர்ந்தது. என் கணிப்பில் விடை ஒன்றுதான்: லிண்டன் சொன்னபடி கேட்கும். ஜெர்மனில் ‘லிண்ட்’ என்றாலே மென்மை. இளங்கிளையைப் படுக்கையாக வளைத்துக் கட்டினால் ஒடியாமல் படுத்துக்கொள்ளும். வெட்டினால் வெட்டிய இடத்தைச் சுற்றித் துளிர்க்கும். அடிமரம் வரை வெட்டினாலும் மறுபடி எழும். ஊர் நடுவில் நிற்கவேண்டிய மரத்துக்கு இதைவிட என்ன குணம் வேண்டும்?

இந்தக் குணத்தை உச்சத்துக்குக் கொண்டுபோனவர்கள் வடக்கு பவேரியாவின் ஃபிராங்கோனியாக்காரர்கள். அங்கே டான்ஸ்லிண்டே என்று ஒரு வகை இருக்கிறது: நடன லிண்டன். மரத்தின் கீழே ஆடுவதல்ல. மரத்துக்குள்ளேயே, கிளைகளுக்கு நடுவில் போட்ட பலகைத் தளத்தில் ஏறி ஆடுவது. குல்ம்பாக் மாவட்டத்தில் லிம்மர்ஸ்டோர்ஃப் என்ற சிற்றூரில் 1686இல் நட்ட மரத்தில் 1729 முதல் ஆடிவருகிறார்கள். ஆகஸ்ட் 24, புனித பர்த்தலமேயு நாளையொட்டி ஊர்த் திருவிழா. 2014இல் ஜெர்மனியின் பொருள்சாராப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. பக்கத்தில் பேஸ்டன் என்ற ஊரில் இன்னொன்று; அங்கே சுழற்படிக்கட்டில் ஏறி இலைக்கூண்டுக்குள் நுழையவேண்டும். பழைய மரம் இரண்டாம் உலகப்போருக்குப் பின் போய்விட்டது. 1951இல் புதிதாக நட்டு, அது வளர்ந்ததும் 2001இல் மறுபடி தளம் கட்டினார்கள். ஐம்பது வருடம் காத்திருந்திருக்கிறார்கள். அந்தப் பொறுமைக்காகவே அந்த ஊரை ஒருமுறை பார்க்கலாம்.

தளத்தின் பாரத்தைக் கல் தூண்களும் உத்தரங்களும் தாங்குகின்றன. மரத்துக்கு வேலை, சுவராகவும் கூரையாகவும் இருப்பது மட்டும். தளத்தை அடிமரத்தில் ஆணியடித்துக் கட்டினால் இரண்டும் கெடும்: மரம் வருடாவருடம் பருக்கும், பலகை பருக்காது, காற்றில் மரம் ஆடும், கல் ஆடாது. அதனால் அடிமரத்தைச் சுற்றி இடைவெளி விட்டுத்தான் பலகை போடவேண்டும். மரம் பருக்கப் பருக்க அந்த ஓட்டையை அறுத்து அகலப்படுத்திக்கொண்டே இருக்கவேண்டும்.

கிளையைப் பழக்கும் முறை இது. கன்று தேவையான உயரத்துக்கு வந்ததும் நடுக்குருத்தை வெட்டிவிடுவார்கள். அதன் கீழிருந்து நாலாபக்கமும் வரும் கிளைகளை, ஒன்று முதல் மூன்று வயதுக்குள், விரல் தடிமனில் இருக்கும்போதே, தூண்கள்மேல் போட்ட சட்டங்களில் படுக்கையாகக் கட்டவேண்டும். கம்பி கூடாது. அகலமான, மெத்தென்ற நாடாவை எட்டு எண் போலச் சுற்றிக் கட்டி, வருடம் ஒருமுறை அவிழ்த்து மறுபடி கட்டவேண்டும். ஒரு வருடம் மறந்தால் கட்டு பட்டைக்குள் புதைந்து கிளையைக் கழுத்தை நெரித்ததுபோல் ஆக்கிவிடும். கிளை சட்டத்தில் உரசும் இடத்தையும் பார்க்கவேண்டும். உரசி உரசிப் பட்டை போனால் அந்த வழியாகப் பூஞ்சை நுழையும்.

படுக்கவைத்த கிளை சும்மா படுத்திருக்காது. அதன் முதுகிலிருந்து நேர்மேலாகக் குச்சிகள் கிளம்பும். இவற்றைக் குளிர்காலக் கடைசியில், வருடாவருடம் அல்லது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, நறுக்கிவிடவேண்டும். இங்கேதான் பெரும்பாலான ஊர் மரங்கள் நாசமாயின. போர், பணமின்மை, ஆள் இல்லாமை என்று இருபது, முப்பது வருடம் கவாத்து நின்றுபோகும். குச்சி ஒவ்வொன்றும் ஒரு தனி மரமாகி நிற்கும். கீழே இருக்கும் படுக்கைக் கிளைக்கு அந்தப் பாரம் ஆகாது. ஒரு புயலில் பிளந்துகொண்டு இறங்கும். பயந்துபோய் எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் வெட்டினால் அது இன்னொரு தப்பு. பெரிய காயம் ஆறாது. லிண்டனின் உள்மரம் சீக்கிரம் உளுத்துப்போகும் வகை. சின்ன வெட்டைத்தான் அது மூடிக்கொள்ளும். கைவிட்ட மரத்தை மீட்கவேண்டுமானால் பல வருடங்களாகப் பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கவேண்டும். மார்ச் 1 முதல் செப்டம்பர் 30 வரை கடும் வெட்டுக்கு ஜெர்மன் இயற்கைப் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. வடிவத்துக்கான மென்மையான கவாத்து மட்டும் விதிவிலக்கு.

ஃபிராங்கோனியாவிலேயே எஃபெல்ட்ரிக் என்ற ஊரின் மரம் வேறு காரணத்துக்காகப் படுத்தது. உயரம் குறைவு, அகலம் அதிகம். மரச்சட்டங்களும் முட்டுக்கால்களும் தாங்க, ஒரு பந்தல்போல் பரந்து கிடக்கும். பழக்கன்று வளர்ப்புக்குப் பேர்போன ஊர் அது. ஒட்டுக்கட்ட நார் வேண்டும். அந்த நாரை ஊர் லிண்டனிலிருந்தே எடுத்தார்கள். கிளைகளைத் திரும்பத் திரும்ப வெட்டியதில் மரத்துக்கு அந்த உருவம் வந்தது.

நார் எடுப்பது சணல் நார் எடுப்பதைப் போலத்தான். மே, ஜூனில் சாறு ஓடும்போது பட்டை வழுக்கிக்கொண்டு கழன்றுவரும். அதை நீளநீளமாக உரித்து, வாரக்கணக்கில் தண்ணீரில் ஊறவைத்தால் உள்பட்டை ஏடு ஏடாகப் பிரியும். கசக்கி அலசி உலர்த்தினால் மெல்லிய, உறுதியான நாடா. ரஷ்யாவில் இதில் செருப்பு பின்னினார்கள். 1991இல் ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த, 5000 ஆண்டுகளுக்கு மேல் பழமையான ஓட்ஸி என்ற மனிதரின் கத்தி உறை லிண்டன் நாரில் பின்னியது. மரத்தின் மென்மையைச் சிற்பிகளும் விடவில்லை: ரோத்தன்பர்க்கில் ரீமன்ஷ்னைடர் செதுக்கிய திருஇரத்தப் பீடமும், போலந்தின் கிராகோவில் ஃபைட் ஷ்டோஸ் செதுக்கிய பெரும் பீடத்தின் உருவங்களும் லிண்டன் மரம்தான்.

*

‘லிண்டன் முந்நூறு வருடம் வரும், முந்நூறு வருடம் நிற்கும், முந்நூறு வருடம் போகும்’ என்பது இங்கே பழமொழி. கடைசி முந்நூறு வருடம்தான் வியப்பு. ஹெஸ்ஸன் மாநிலத்தில் ஷெங்க்லெங்ஸ்ஃபெல்ட் ஊர் மரம் 760ஆம் ஆண்டில் நட்டது என்று ஊர் மரபு சொல்கிறது. அடிமரம் இன்று நான்கு துண்டாகப் பிரிந்து, நான்கு மரம்போல வட்டமாக நிற்கிறது. வடமேற்கு ஜெர்மனியின் எம்ஸ்லாண்டில் ஹேடே ஊரின் மாபெரும் லிண்டனுக்கு 2019இல் ‘தேசிய மரபு மரம்’ என்ற தகுதி கிடைத்தது. அந்த வரிசையில் முதல் மரம் அதுதான்.

உள்ளே வெற்றாகிப்போன மரம் எப்படி நிற்கிறது? ஆலமரம் விழுதை வெளியே விடும். லிண்டன் உள்ளே விடும். அடிமரத்தின் நடுப்பகுதி உளுத்து மண்போல் ஆனதும், மேலே உயிருள்ள பட்டையிலிருந்து வேர்கள் புறப்பட்டு அந்த மக்குக்குள் இறங்கும். தன் பழைய உடம்பையே உரமாகத் தின்றுகொண்டு போய்த் தரையைத் தொடும். தொட்டதும் பருக்கத் தொடங்கும். பழைய ஓடு ஒருநாள் பிளந்து விழும்போது உள்ளே புது அடிமரம் தயாராக இருக்கும். பழைய ஊர் மரத்தின் பொந்துக்குள் விளக்கடித்துப் பாருங்கள்: பழுப்பு மக்குக்கு நடுவில் கைத்தடிமனில் வழவழப்பான பட்டையோடு ஒரு கயிறு இறங்குவது தெரிந்தால், அதுதான்.

இது தெரியாமல் கடந்த நூற்றாண்டில் பெரிய கொடுமை செய்தார்கள். மரத்துக்கு வைத்தியம் என்ற பேரில் பொந்தைச் சுரண்டி, உளுத்ததையெல்லாம் வாரியெடுத்து, சிமெண்ட் கொட்டி அடைத்தார்கள். அல்லது நெடுக இரும்புக் கம்பி செருகினார்கள். சுரண்டும்போது உள்வேர் போச்சு. நோயுள்ள பகுதிக்கும் நல்ல பகுதிக்கும் நடுவில் மரம் தானே கட்டிக்கொள்ளும் தடுப்புச்சுவரும் போச்சு. சிமெண்டுக்கும் மரத்துக்கும் நடுவில் ஈரம் தங்கி உளுப்பு இன்னும் வேகமானது. இன்று விவரம் தெரிந்தவர்கள் பொந்தைத் தொடுவதில்லை. தலைப்பாரத்தைக் குறைத்து, பெரிய கிளைகளை நெகிழும் செயற்கை நாடாக்களால் ஒன்றோடொன்று பிணைக்கிறார்கள். நாடா கிளைக்கு ஆட இடம் கொடுக்கும். ஆடும் கிளைதான் தன்னைத் தானே தடிக்கவைத்துக்கொள்ளும்.

மரத்தைக் கொல்லும் வேலை பெரும்பாலும் தரையில்தான் நடக்கிறது. ஊர் நடு இடத்தை அழகாக்குகிறோம் என்று வேர்மேல் கல் பாவுவார்கள், திருவிழாவுக்கு லாரி நிறுத்துவார்கள். மண் இறுகினால் வேருக்கு மூச்சு இல்லை. ஜெர்மன் தரக்கட்டளை டின் 18920 இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது: கிளைநுனிக்கு நேர்கீழே தரையில் வரும் எல்லை, அதற்கு வெளியே இன்னும் 1.5 மீட்டர்; அத்தனையும் வேரின் இடம். அதற்குள் தோண்டுதல், கொட்டுதல், வண்டி நிறுத்துதல் கூடாது. குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பு இன்னொரு எமன். ஜூலையிலேயே இலையோரம் கருகிப் பழுப்பாக இருந்தால் உப்பைச் சந்தேகியுங்கள். பெஞ்சு போடவேண்டும் என்றால் புள்ளிப் புள்ளியாகக் கால் ஊன்றும் பெஞ்சு; வட்டமாகச் சிமெண்டு மேடை கட்டாதீர்கள். நம் ஊர் அரசமரத்து மேடைகளுக்கும் இதைச் சொல்லலாம்.

புதிதாக நடுவதானால் தெருவோரக் குழிக்குக் குறைந்தது 12 கன மீட்டர் வேர் இடம், 1.5 மீட்டர் ஆழம் என்பது இங்கே நடைமுறை அளவு. முதல் மூன்று கோடையில் மழையில்லாத நாட்களில் ஒரு முறைக்கு 80 முதல் 100 லிட்டர் வரை மெதுவாக ஊற்றவேண்டும். தினமும் ஒரு வாளி ஊற்றினால் வேர் மேலேயே தங்கிவிடும். இளம் லிண்டனின் பட்டைக்கு வெயில் ஆகாது. தென்மேற்குப் பக்கம் பட்டை வெடிக்கும். அதனால் அடிமரத்தில் வெள்ளைப் பூச்சு அல்லது நாணல் பாய். இரண்டும் மலிவு, இரண்டையும்தான் அநேகர் மறக்கிறார்கள்.

*

இனி பூ.

மருந்துகளின் தரத்தை வரையறுக்கும் ஐரோப்பிய மருந்துநூல் ஸோமர், விண்டர், அவற்றின் கலப்பினம் மூன்றையும் மட்டுமே ஏற்கிறது. ஸில்பர் கலந்திருக்கிறதா என்று உலர்ந்த பூவிலும் பார்க்கலாம்: பூவைத் தண்ணீரில் நனைத்து விரித்தால், ஐந்து இதழுக்கு உள்ளே இன்னும் ஐந்து இதழ்போல இருந்தால் அது ஸில்பர். பூக்காம்போடு ஒட்டிய நாக்கு வடிவ வெளிர்பச்சை இலையை உருப்பெருக்கியில் பார்த்தால் நட்சத்திரம்போல் முடிகள் தெரியும். நம் இரண்டு இனத்திலும் இந்த இரண்டு அடையாளமும் இராது. ஸில்பர் மரத்தடியில் ஆகஸ்டில் செத்துக் கிடக்கும் வண்டுத்தேனீக்களைப் பார்த்து அதன் தேனில் விஷம் என்பார்கள். அது சரியல்ல. வேறு பூவெல்லாம் முடிந்த காலத்தில் இது பூக்கிறது; தேன் தீர்ந்தபின்னும் வந்துகொண்டே இருக்கும் பூச்சிகள் பட்டினியில் சாகின்றன என்பதே இன்றைய விளக்கம்.

பறிக்கும் நேரம்தான் பாதி வேலை. கொத்தில் சில பூ விரிந்து சில மொட்டாக இருக்கும் முதல் நான்கு நாள். அதற்குப்பின் மணம் குறையும். உள்ளே பச்சை மணிபோலக் காய் திரளத் தொடங்கியிருந்தால் தாமதமாகிவிட்டது, விட்டுவிடுங்கள். இரண்டு நாள் மழையில்லாமல் இருந்து, காலைப் பனி காய்ந்தபின், நண்பகலுக்கு முன். ஈரப் பூ காய்வதற்குள் பழுப்பாகிவிடும். அந்த நாக்கு இலையோடு சேர்த்துக் கொத்தாகக் கிள்ளவேண்டும்; கழுவக்கூடாது, கழுவினால் மகரந்தமும் மணமும் தண்ணீரோடு போகும். கழுவாமல் குடிக்கிறோம் என்பதால் நெடுஞ்சாலையோர மரம், மருந்தடித்த வயலோர மரம் வேண்டாம். இலை பிசுபிசுவென்று, கறுப்புப் படிந்து இருந்தால் அது அசுவினியின் தேன்கழிவும் அதில் வளர்ந்த கரும்பூஞ்சையும். அந்த மரத்தையும் விட்டுவிடுங்கள்.

எந்த மரத்தில் பறிக்கலாம்? சொந்தத் தேவைக்கு ஒரு கைக்கொத்து அளவு பறிக்க ஜெர்மன் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் ‘நாட்டுர்டெங்க்மால்’ என்ற பச்சைப் பலகை மாட்டிய மரம் இயற்கை நினைவுச்சின்னம். அதில் கிளை ஒடிப்பது குற்றம். பெரும்பாலான பழைய ஊர் மரங்களில் அந்தப் பலகை இருக்கும். கூடும் மரம் ஒன்று, மருந்து மரம் வேறொன்று என்று வைத்துக்கொள்வதே நல்லது.

உலர்த்துவது: நிழல், காற்றோட்டம், துணி விரித்த தட்டு, ஒரே அடுக்கு. சூடேற்றி உலர்த்தினால் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாது. வெயிலில் போட்டால் ஒரே நாளில் நிறம் வெளுத்து மணம் ஓடிவிடும். நாக்கு இலை இரண்டு நாளில் மொறுமொறுக்கும். அதை நம்பி டப்பாவில் அடைத்துத்தான் பலர் பூஞ்சை பிடிக்கவிடுகிறார்கள். ஈரம் தங்குவது பூவின் நடுவிலுள்ள சின்ன உருண்டையிலும் காம்பிலும். காம்பை வளைத்தால் வளையாமல் ‘டிக்’ என்று ஒடியவேண்டும். வானிலையைப் பொறுத்து ஏறக்குறைய ஒரு வாரம். நன்றாக உலர்ந்த பூ வெளிர் மஞ்சள், இலை வெளிர்பச்சை, தேனும் வைக்கோலும் கலந்த மணம். பழுப்பேறியிருந்தால் தேநீராகாது.

போடும் அளவு: 1.5 கிராம் பூ, 150 மில்லி கொதிநீர், நாளுக்கு 2 முதல் 4 முறை. பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் ஐரோப்பிய மருந்து முகமை தரும் அளவு இது. பொடித்த பூவானால் குவித்த ஒரு தேக்கரண்டி கிட்டத்தட்ட வரும். முழுப்பூ புசுபுசுவென்று இருப்பதால் கரண்டிக் கணக்கு ஏமாற்றும். முதல் முறையாவது சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். கொதிக்கும் தண்ணீரை மேலே ஊற்றி, மூடி, 5 முதல் 10 நிமிடம் வைத்து வடிகட்டவேண்டும். கஷாயம்போல அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடுவது நம் கைப்பழக்கம்; இதற்கு ஆகாது, மணம் ஆவியோடு போய்விடும். மூடவேண்டியதும் அதனால்தான். அரைமணி நேரம் ஊறவிட்டால் துவர்ப்பு ஏறும், வெண்டைக்காய்த் தண்ணீர்போல் கொழகொழக்கும். தொண்டைக் கரகரப்புக்கு அந்தக் கொழகொழப்பு கொஞ்சம் இருந்தால் நல்லதுதான். தேன் சேரும், எலுமிச்சைச் சாறு நாலு சொட்டும் சேரும். பால் சேராது.

வியர்க்கவைக்கத்தான் குடிக்கிறீர்கள் என்றால் படுக்கப் போகுமுன், தாங்கும் சூட்டில், ஒரு கோப்பை முழுதும் குடித்துப் போர்த்திக்கொண்டு படுக்கவேண்டும். வியர்வையில் சூட்டின் பங்கும் உண்டு; ஆறிப்போனதைக் குடித்துவிட்டுப் பலனில்லை என்று சொல்லக்கூடாது. எல்டர் என்ற ஐரோப்பியப் புதர்மரத்தின் பூவை இதனோடு சரிபாதி சேர்ப்பது இங்கே பழைய வழக்கம்.

எவ்வளவு நம்பலாம்? ஐரோப்பிய மருந்து முகமை இதைச் சளியின் தொந்தரவுகளுக்கும் லேசான மனஅழுத்தத்துக்கும் ‘பாரம்பரியப் பயன்பாடு’ என்ற வகையில் ஏற்றிருக்கிறது. நெடுங்காலமாகப் பாதுகாப்பாகப் புழங்கிவந்தது என்பதே அந்த வகைக்கு அடிப்படை. மருத்துவச் சோதனையில் நிரூபணமானது என்று அதற்குப் பொருளல்ல. பூவில் இருப்பவை வழவழப்புப் பொருள், ஃபிளேவனாய்டு என்ற தாவர வேதிப்பொருள்கள், மிகக் கொஞ்சம் மணஎண்ணெய். தொண்டையை ஆற்றும், உடம்பைச் சூடாக்கும், தூக்கத்துக்கு இதமளிக்கும். கிருமியைக் கொல்லாது. ஒரு வாரத்துக்கு மேல் சளி நீடித்தாலோ, காய்ச்சல், மூச்சுத்திணறல், சீழ்போன்ற சளி வந்தாலோ மருத்துவரிடம் போகவேண்டும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுகிறவர்களுக்கும் போதிய தரவு இல்லாததால் பரிந்துரைப்பதில்லை. சிறு குழந்தைகளுக்கு மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்.

சேமிப்பதற்குக் காகிதப் பையோ, வெளிச்சம் புகாத டப்பாவோ போதும். பிளாஸ்டிக் பையில் கொஞ்சம் மீந்திருக்கும் ஈரமும் வேர்த்துப்போகும். டப்பாவில் பறித்த மாதத்தையும் எந்த மரம் என்பதையும் எழுதி ஒட்டுங்கள். ஒரு வருடம் வரை நன்றாக இருக்கும். அடுத்த ஜூனில் புதுப்பூ வரும்போது மிச்சத்தைத் தோட்டத்துச் செடியடியில் கொட்டிவிட்டு, டப்பாவைத் துடைத்து வெயிலில் காயவையுங்கள்.